கைக்குட்டையில் ஒரு முட்டை

ஒரகடம் தொழிற்சாலையில் என்னோடு ஒரே அசெம்ப்ளி லைனில் நின்றவர் அவர். ஒல்லியான உடம்பு, முப்பது வயதிலேயே சர்க்கரை. கேன்டீனில் தரும் அவித்த முட்டையைத் தின்னாமல் கைக்குட்டையில் பொதிந்துகொள்வார்.

"இன்னாண்ணா, வூட்டுக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சம்சாரம் முழுகாம கீது. புள்ள பெருசாயிட்டா ஆபரேசன்னு மாமியார் அரை வயித்துக்குத்தான் சோறு போடுது. எங்கம்மாவும் அப்டித்தான் பயந்துகினு சாப்புடாம என்னைப் பெத்துச்சு. எடை கம்மியா பொறந்ததும் இந்த சர்க்கரைக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

பிறகு சில நாள் அவர் வரவில்லை. திரும்பி வந்த அன்று முட்டை தட்டிலேயே கிடந்தது.

"கொழந்த பொறந்துடுச்சாண்ணா?"

"ஆம்பளப் புள்ள. ரெண்டு கிலோகூட இல்ல."

எந்த அப்பாவும் பூரித்துச் சொல்வதை அவர் தலைகுனிந்து சொன்னார்: "அப்டியே என்னை மாதிரி."