பத்மப்ரியா மேடத்துக்குப் போட்ட மாலை

எங்கள் ஆபீஸ் கடலை ஆராய்கிற ஆபீஸ். பத்மப்ரியா மேடம் அங்கே ஒன்பது வருஷமாக ஜெல்லி மீன் விஞ்ஞானி. அந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் படகேறிக் கடலுக்குள் போனதில்லை. போக விடவில்லை என்று சொன்னால் ஆபீசுக்குக் கோபம் வரும். எல்லாம் அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள்.

ஜெல்லி மீன் பிடித்த உருவத்தில் கரை சேராது. வலையில் மாட்டி, வாளியில் விழுந்து, விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து ஜீப்பில் குலுங்கி வருவதற்குள் கஞ்சியாகிவிடும். படகில் போகிற ஆண்கள் முழு ஜெல்லியைப் பார்ப்பார்கள். மேடத்துக்குக் கஞ்சி வரும். கஞ்சியை வைத்து அவர் கட்டுரை எழுதுவார், முதல் பெயர் படகில் போனவருடையதாக இருக்கும். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஸ்ரீலட்சுமி. அப்பாவுக்குச் சாலை பஜாரில் இரும்புக் கடை. ஆபீசில் நிர்வாகப் பிரிவில் டைப் அடிக்கிறேன். பெண்களை ஊக்குவிக்க எங்களிடம் ஒரு கமிட்டி உண்டு: நாலு ஆண்கள், மேடம், ஒரு தட்டு பரிப்புவடை. 'கடலாய்வில் பெண்களின் பங்கு பெருக வேண்டும்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போடுவார்கள். சில தடவை நான் பழைய தீர்மானத்தையே தேதி மாற்றி அடித்துக் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

படகில் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது, இரண்டு பேராவது வேண்டும் என்பது ஆபீஸ் விதி. விஞ்ஞானிகளில் பெண் மேடம் ஒருவர்தான். இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுக்கலாமே என்றால், படகில் போக முடியாதவரை எடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள்.

இந்த வருஷம் மார்ச் மாதம் விழிஞ்ஞத்துக்கு வெளியே ஜெல்லி மீன் கூட்டம் கூட்டமாக மேலே வந்தது. படகு ஏழாம் தேதி போய் மறுநாள் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. மேடம் நேராக என் சீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பொண்கள் வேணும்னுதானே ரூல். ரெண்டாவது பொண்ணும் சயின்டிஸ்டா இருக்கணும்னு எங்கேயும் இல்லையே. நீங்க வரேளா?"

"சங்குமுகம் பீச்சுல கால் நனைச்சாலே எனக்குத் தலை சுத்தும், மேடம்."

"படுத்துண்டே வாங்கோ. பொண்ணா இருந்தா போறும்."

அந்த ஒரு தகுதி என்னிடம் இருந்தது. சரி என்றேன்.

டைரக்டர் அனந்தபத்மநாபன் சாருக்குத்தான் சங்கடம். எட்டாம் தேதி மகளிர் தினம். கடலாய்வில் சாதித்த பெண் என்று கமிட்டி அன்று மேடத்துக்கு விருது கொடுப்பதாக இருந்தது.

"அவார்டே உங்களுக்குத்தானே. நீங்க இல்லாம எங்ஙனயாக்கும் ஃபங்ஷன் நடத்தறது?"

"ஜெல்லி மீனுக்கு மகளிர் தினம் தெரியாதே, சார்."

பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டாகிவிட்டது. அந்த வாரம் பார்த்து ஒரு பெண்ணைக் கடலுக்குப் போகாதே என்று சொன்னால் நன்றாக இருக்காது. சார் யோசித்தார். "செரி. போட்டோ வச்சு நடத்திக்கலாம். வீட்டுலேர்ந்து ஆராவது வந்து வாங்கட்டும்."

மேடத்தின் வீடு வலியசாலை அக்ரஹாரத்தில். மாமியார் நாகலக்ஷ்மி மாமி. மேடம் ஆபீஸ் விட்டால் வாசல் வழியாக நுழைய முடியாது. மீன் வாடையோடு பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தெருவுக்கு அவர் ஏதோ சயின்ஸ் ஆபீஸ். அப்படிப்பட்ட வீட்டில் படகென்று சொன்னால் படகு கைநழுவிப் போனது மாதிரிதான். மேடமும் கணவர் சுமந்தும் பேசி வைத்துக்கொண்டு, 'ஆபீஸ் டூர்' என்று மாமியிடம் சொல்லிவிட்டார்கள்.

கடலில் நடந்ததைச் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. துறைமுகம் தாண்டியதுமே நான் வாளியைக் கட்டிக்கொண்டேன். படகோட்டி ராஜையன் எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் மேடம் தலை முதல் கால் வரை நனைந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முழுசா இருக்கு, ஸ்ரீலட்சுமி. ஓரமெல்லாம் ஊதா. மூச்சு விடற மாதிரி சுருங்கி விரியறது. இத்தனை வருஷமா நான் எதைப் பத்தி எழுதிண்டிருந்தேன்?"

சிரித்தார், உடனே அழுதார். வாளியை ஒரு கையில் பிடித்தபடியே நானும் சிரித்தேன்.

அதே நேரத்தில் ஆபீஸ் ஹாலில் நடந்ததை அட்டெண்டர் ரத்னாபாய் பிறகு சொன்னாள். ஃபங்ஷன் கிராண்டாக இருக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். லைஃப் ஜாக்கெட் போட்ட மேடத்தின் படத்தைப் பெரிதாக்கி மேடையில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். கரையில் கட்டிப் போட்டிருந்த படகில் வெப்சைட்டுக்காக எடுத்த படம் அது. வெறுமையாக இருக்கிறதே என்று முழம் முழமாக முல்லை வாங்கி மாலை போட்டார்கள். முன்னால் நிலவிளக்கை ஏற்றினார்கள். இவ்வளவு பெரிய கமிட்டியில் ஒருவருக்கும் அது எப்படித் தெரிகிறது என்று தோன்றவில்லை.

விருது வாங்க மாமியைக் கூட்டி வந்த சுமந்த் வண்டியை நிறுத்தப் போக, மாமி தனியாக உள்ளே வந்தார். மைக்கில் சார், "கடலுக்காகவே தன்னை அர்ப்பணித்தவர் நம் பத்மப்ரியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி நேரே மேடையேறி மாலையைப் பிய்த்து எறிந்தார். "ஆரு என் நாட்டுப்பொண்ணுக்கு மாலை போட்டது? அவ உயிரோட இருக்காளா இல்லையா, அதைச் சொல்லுங்கோ."

"இருக்காங்கம்மா. நடுக்கடல்லயாக்கும் இருக்காங்க" என்றார் சார், ஆறுதலாக.

சுமந்த் ஓடி வந்து எவ்வளவோ விளக்கினார். போன் போட்டால் எங்கள் பக்கம் டவர் இல்லை. குரலைக் கேட்காமல் நகர மாட்டேன் என்று மாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளிர் தின விழாவில் நெகிழ்ச்சி என்று ஒரு பத்திரிகை அதையும் படம் எடுத்துப் போட்டது.

கரை நெருங்கி டவர் கிடைத்ததும் மேடம் போனை எடுத்தார். அவர் "அம்மா" என்றார். அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது.

ஒரே ஆட்டோவில் வந்தோம். டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஓட்டினார். வலியசாலையில் இறங்கிய மேடம் வழக்கம் போலச் சந்துப் பக்கம் திரும்பினார்.

"எங்கே போறே?" மாமி வாசலில் நின்றிருந்தார். "இப்படி வா."

"மேலெல்லாம் மீன் வாடை, அம்மா. ரெண்டு நாளா குளிக்கலை."

மாமி தெருவில் இறங்கி, நாலு வீட்டு ஜன்னலும் பார்க்க, மேடத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "கடலுக்குப் போறதானா கடலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போ. டூராம், டூர்" என்றார். பிறகு கையைப் பிடித்து வாசல் வழியாகவே உள்ளே கூட்டிப் போனார். அன்று கிணற்றடியில் இரண்டு பேரும் குளித்தார்கள்.