பந்தைத் திருப்பித் தராத ஆட்டம்

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்தபோது நான் பேஸ்பால் விளையாடினேன். சொன்னால் இப்போதும் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்கும் தெரியும். பி.டி. சார் ஒரு நாள் வகுப்புக்குள் வந்து, பெண்களுக்கு ஒரு டீம் சேர்க்கிறேன், மற்ற கல்லூரிகளில் ஆள் குறைவு, யூனிவர்சிட்டி அளவில் ஃபைனலுக்குப் போனாலே கிரேஸ் மார்க் உண்டு என்றார். எனக்கு அக்கவுண்ட்ஸ் வராது. கையைத் தூக்கிவிட்டேன்.

என்னைக் கேச்சராகப் போட்டார். மட்டை பிடிக்கிறவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, எறிகிற பந்தை எல்லாம் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். விடியும் முன்னே எழுந்து கிணற்றில் வெள்ளம் கோரி, தம்பிமாருக்குக் கஞ்சி வைத்து, பஸ் பிடித்து வந்து, வகுப்பு முடிந்தபின் அந்த வெயிலில் குத்தவைத்து உட்காருவேன். வீட்டுக்குப் போனதும் முட்டுகள் இரண்டும் மடங்காது. அம்மைக்கு மூச்சு இழுப்பு. அடுப்படிக்கு வேறு ஆள் கிடையாது. அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது களைப்புதான்.

பந்து எறிகிற பிட்சர், என் வகுப்புக்காரி. பூவாரிலிருந்து வருவாள். மிஷன் கோயில் குடும்பம், அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்தவள், நல்ல உயரம். அவளுக்கும் இரண்டு பஸ். இரண்டிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவாள்.

சார் வடக்கே ஏதோ முகாமுக்குப் போய் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். எறிவது கையின் வேலை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வார். பலம் காலிலிருந்து கிளம்ப வேண்டும். இடது காலைத் தூக்கி நீளமாக முன்னே ஊன்றினால் இடுப்பு திரும்பும், இடுப்பு நெஞ்சைத் திருப்பும், கடைசியில்தான் கை வரும். கைமுட்டு தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. பந்து போனபின் கையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, அது தன் பாட்டுக்கு இடது காலைத் தாண்டிப் போய் ஓய வேண்டும். ஒரு ஆட்டம் எறிந்தால் நாலைந்து நாள் எறியக் கூடாது. இவ்வளவும் சொன்ன அதே சாரிடம் வேறு பிட்சர் இல்லை. அதனால் கடைசியாகச் சொன்னது மட்டும் எங்கள் டீமில் நடக்கவில்லை.

எறியும் இடம் செம்மண். அவள் இடது கால் ஊன்றுகிற இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும். எனக்கு வேறு எங்கும் பார்க்க வேண்டியதில்லாததால் அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் வருஷம் மழை முடிந்து பயிற்சி தொடங்கியபோது, சாயங்காலம் ஆக ஆக அவள் கால் அந்தக் குழிக்கு எட்டவில்லை. ஒரு சாண் பின்னாலேயே விழுந்தது. கால் குறைந்தால் கைமுட்டு இறங்கும். இறங்கினால் பந்து எனக்கு இடது பக்கமாக உயரத்தில் விலகிப் போகும். அதை எட்டிப் பிடிக்க நான் எழும்பி எழும்பிச் சாக வேண்டும். முதலில் எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் அவிழ்ந்த தலையோடு கல்லூரிக்கு வந்தாள். கொஞ்சம் பின்னி விடு என்றாள். அம்மை எங்கே என்று கேட்டேன். அம்மை ஊருக்குப் போயிருக்கிறாள், தனக்கு வலது கை மேலே போகவில்லை என்றாள். பின்னிக்கொண்டே விசாரித்தேன். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லையாம். அப்பா கம்பெனியிலிருந்து உடைந்த ஐஸ் கொண்டுவருவாராம், அதைத் துணியில் பொதிந்து தோளில் வைத்தால் கொஞ்சம் மரத்துப் போகுமாம். சாரிடம் சொல்லாதே என்றாள். ஃபைனலுக்குப் போய்விட்டால் போதும், அதன்பின் தொடமாட்டேன் என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த மார்க் வேண்டியிருந்தது.

யூனிவர்சிட்டி போட்டி திருவனந்தபுரத்தில். முதல் நாள் ஒரு ஆட்டம், மறுநாள் காலையில் ஒன்று, மதியம் செமி ஃபைனல். மூன்றும் அவளேதான். காலை ஆட்டத்தை ஜெயித்தோம். மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் இடது கையால் இரண்டு வாய் சோறு தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

செமி ஃபைனலில் மூன்றாவது இன்னிங்ஸ் நடக்கும்போது ஒரு பந்து எனக்கு முன்னாலேயே தரையில் குத்தியது. அடுத்தது தலைக்கு மேலே போனது. கால் எங்கேயோ பாதியில் விழுகிறது, மீதி வேலை முழுவதையும் கை தனியாக இழுக்கிறது. எறிந்து முடித்ததும் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த பந்தை நான் பிடித்தேன், ஆனால் திருப்பி எறியவில்லை. எழுந்து அவளிடம் நடந்தேன்.

"பந்தைத் தா," என்றாள்.

"தரமாட்டேன்."

"ஏட்டி, இன்னும் கொஞ்சம்தான் உண்டு. தா."

"ஒனக்க கைமுட்டு தொங்குது. எனக்குத் தெரியுதுல்லா."

"எனக்க கை ஆக்கும். ஒனக்கு என்ன?"

பந்தைக் கையுறைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அம்பயர் வந்து எந்தா என்று கேட்டார். சார் ஓடி வந்தார். அவருக்கு நல்ல கோபம், உனக்குப் பைத்தியமா என்று என்னைத்தான் முதலில் வைதார். நான் அவளிடம், "கையைத் தூக்கிக் காட்டு," என்றேன். அவள் காட்டவில்லை. சார் சொன்னபோது தூக்கினாள். தோள் மட்டம் வரை வந்தது, அதற்குமேல் போகவில்லை. முகம் வெளுத்துவிட்டது. சார் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூரத்தில் நின்ற இன்னொருத்தியைக் கைகாட்டி எறியக் கூப்பிட்டார்.

வந்தவள் அதுவரை பிட்ச் செய்ததே இல்லை. நாலு பந்து விலகிப் போனால் மட்டைக்காரி அடிக்காமலே அடுத்த இடத்துக்கு நடக்கலாம் என்பது சட்டம். எதிர் டீம்காரிகள் மட்டையை வீசாமலே ஒவ்வொருத்தியாக நடந்து சுற்றினார்கள். ஆட்டம் முடிகிற வரை நான் பந்து பொறுக்கினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. அவள் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. நெய்யாற்றின்கரையில் யாரோ உலுக்கி எழுப்பியபோது எந்த ஊர் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி கழுவிப் போட்டேன். தோற்றோம் என்று மட்டும் அம்மையிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் தோளுக்குள் தசைநார் பிய்ந்திருக்கிறது, முழுக்க அறுபடவில்லை, ஆறு மாசம் எதையும் எறியக் கூடாது என்று சொன்னதாக மற்றவர்கள் வழியாகத்தான் கேள்விப்பட்டேன். வகுப்பில் அவள் என்னைத் தாண்டி வேறு பெஞ்சுக்குப் போவாள். அந்த வருஷம் கிரேஸ் மார்க் இல்லாமல் எனக்கு அக்கவுண்ட்ஸ் போயிற்று. அவளுக்கும் போயிற்று.

பரீட்சை முடிவு வந்த வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தலை சீவ முடிகிறது, குடம் தூக்க இன்னும் முடியவில்லை என்றாள். "அண்ணைக்கு நீ தந்திருந்தா நான் எறிஞ்சிருப்பேன் கேட்டியா," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

அதைக் குற்றமாகச் சொன்னாளா, வேறு விதமாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அவள் இடது கையால் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்துப் போர்வையைப் பிழிந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து செப்டம்பர் மறுபரீட்சைக்குப் படிக்கலாம் என்று பேசி முடித்தோம்.

அடுத்த வருஷம் சார் மூன்று பேரை எறியப் பழக்கினார். ஒருத்தி எறிந்தால் மறுநாள் அவள் கையில் பந்தே கொடுக்கமாட்டார். அவளும் திரும்ப வந்து ஒன்றிரண்டு இன்னிங்ஸ் எறிந்தாள். பழைய வேகம் இல்லை. நிற்கும்போதே கால் ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தால் தானாகவே சாரைப் பார்த்துக் கையைத் தூக்கிவிடுவாள். நாங்கள் எந்தக் கோப்பையும் வாங்கவில்லை. ஆட்டம் முடிந்தால் மைதானத்து ஓரம் போய் இரண்டு பேரும் காலை நீட்டி உட்காருவோம். பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது என்று தெரியும். ஆனாலும் எழும்ப மனசு வராது.