ஒரு சவரன் குறைகிறது

பழைய காசு விற்கிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விற்க வருகிறார்கள், மீதிப் பேர் பேச வருகிறார்கள். வாங்குகிற ஆள் அநேகமாகக் கடைக்காரி ஒருத்திதான்.

மலையாளச் சீமையில், சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை. அதன் முன்பக்கம் ஒரு மேஜை அகலம் என்னுடைய ராஜ்ஜியம். வியாபாரம் என்று பேர்; நல்லதாக ஒன்று வந்தால் முதலில் எனக்குத்தான். நான் சேர்ப்பது திருவிதாங்கூர் செட். வருஷத்துக்கு ஒன்று என்று அலைகிற பேராசையெல்லாம் கிடையாது, வகைக்கு ஒன்று போதும். செம்பில் காசு, நாலு காசு, எட்டுக் காசு, சக்கரம். வெள்ளியில் சக்கரம், பணம், கால் ரூபாய், அரை ரூபாய். தங்கத்தில் குட்டியாக ஒரு பணம், கடைசியாக ஒரு சவரன். வராகன், அரைச் சவரன் எல்லாம் என் கணக்கில் வரவே இல்லை. ஆசைப்படுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் அளவாகக் குழி வெட்டி ஆசாரி ஒரு மரத்தட்டு செய்து தந்தார். எல்லாக் குழியும் நிறைந்துவிட்டது, சவரன் குழியைத் தவிர. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் சங்கு முத்திரை போட்ட அந்தத் தங்கச் சவரனை ரொம்பக் கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். எப்போதாவது ஏலத்துக்கு ஒன்று வரும். அந்த விலைக்கு ஒரு கார் வாங்கலாம், அதுவும் சின்னக் கார் இல்லை. ஸ்டாம்போ தீப்பெட்டிப் படமோ, நீங்களும் வகைக்கு ஒன்று சேர்க்கிறவராக இருந்தால், கடைசிக் குழி படுத்துகிற பாடு உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டுக்காரர் தினமும் தன் பிரஷர் மாத்திரையை அந்தக் குழியில்தான் வைப்பார். ஏன் என்று சண்டைக்குப் போனால், "சும்மா கிடக்கிற எடந்தானே, வாடகைக்கு விட்டதா நெனச்சுக்கோ" என்பார்.

உருளிக்குள் வந்தது

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குப் பாத்திரக்கடைதான் காரணம். பழைய வெண்கலத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போவது எங்கள் தெருவில் வழக்கம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயசான அம்மா உருளி ஒன்றைக் கொண்டுவந்தார். கவிழ்த்துத் துடைக்கப் போனால், உள்ளே கிடந்த ஒரு துணி முடிச்சு அவிழ்ந்து கலகலவென்று செம்புச் சக்கரங்கள் மேஜையில் கொட்டின. சங்கும் சுற்றிலும் எழுத்துமாக அவ்வளவு அழகு.

"அம்மா, உங்க காசு, எடுத்துக்கிடுங்க" என்று அள்ளி நீட்டினேன். அவர் என்னை ஏதோ விவரம் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தராசைக் காட்டினார். "அதும் செம்பு அல்லே மோளே, கூட்டத்துல போட்டுத் தூக்கு!"

வீட்டுக்காரர் தூக்கினார். எடைக்குண்டான விலையைக் கொடுத்து அந்தக் காசுகளை நான் வாங்கிக்கொண்டேன். அன்று தொடங்கியதுதான்.

தும்மல்

வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இதைக் கையால் எண்ணி மாளாது என்று, குட்டிக் குட்டிப் பள்ளம் வெட்டிய பலகையில் கொட்டிக் குலுக்கித்தான் எண்ணினார்கள். எங்களுக்குப் பக்கத்துக் கடை வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். இரண்டும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் கோவிலில் தொழுதுவிட்டு நேரே வந்தார் ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர். தோளில் துண்டு, நெற்றியிலும் கையிலும் ஈரச் சந்தனம். காகிதத்தில் சக்கரங்களைப் பரப்பி, லென்ஸை எடுத்துக் கொடுத்தேன். அவர் குனியவும் பக்கத்துக் கடையில் ஒரு மூட்டையைத் தட்டவும் சரியாக இருந்தது. ஒரே தும்மல். அத்தனையும் பறந்துவிட்டன. அண்டாவுக்குள், குடத்துக்குள், அவர் செருப்புக்குள் என்று தேடிப் பொறுக்கினோம். ஒன்று மட்டும் அகப்படவே இல்லை. அவர் முகம் சுருங்கிப்போய் விலையைக் கேட்டுப் பர்ஸைத் திறந்தார். அப்போதுதான் பார்த்தேன், அவர் முழங்கைக்குக் கீழே சந்தனத்தில் சப்பென்று ஒட்டிக்கொண்டு மினுங்குகிறது சக்கரம். நான் காட்டியதும் அவரும் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்: "நான் எடுக்கல்லே கேட்டோ, சந்தனம் எடுத்தது!"

குளித்துவிட்டு வந்த எட்டுக் காசு

காசைக் கழுவக் கூடாது, தேய்க்கவே கூடாது. செம்பில் காலம் ஏற்றிய அந்த இருட்டு நிறத்துக்குத்தான் மதிப்பு. என் எட்டுக் காசுக் குழி காலியாக இருந்த நாட்களில், கிழக்கேகோட்டைப் பக்கம் ஓட்டல் வைத்திருக்கிற சங்கரன்கோவில்காரர் ஒருவர் மொபைலில் படம் அனுப்பினார். பழுத்த பேரீச்சம்பழ நிறத்தில், ஒரு கீறல் இல்லாத எட்டுக் காசு. உடனே கொண்டுவாருங்கள் என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். புதுத் தாம்பாளம் மாதிரி பளபளவென்று இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தானே தேய்த்தாராம், ஓட்டல் வேலையை எல்லாம் விட்டுவிட்டு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். மனசைத் திடப்படுத்திக்கொண்டு, ஏன் தேய்த்தீர்கள் என்று கேட்டேன். "குளிக்காம கொள்ளாம யாராச்சும் நல்ல காரியத்துக்குப் போவாவளாம்மா?" என்றார். வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் என் தட்டில் மற்றதெல்லாம் காசாக இருக்க, அது மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்ததாக இருக்கிறது.

மொபைலில் வந்த லட்சம்

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான், இந்த நாணயம் உங்களிடம் இருந்தால் லட்சம் ரூபாய் என்று வீடியோ போட்டுவிடுகிறான். அடுத்த நாள் கடை முன்னால் கூட்டம். கட்டிட வேலைக்கு வந்திருக்கிற தென்காசிப் பக்கத்து ஆள் ஒருவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கழக்கூட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை ரெண்டு கையாலும் நீட்டினார்.

அது அஞ்சு ரூபாய்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போகட்டும்க்கா, பஸ்ஸுல வந்த நேரம் பூரா நான் லட்சாதிபதிதானே!"

பேக்லாக்

கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிற ஒரு மலையாளிப் பையனும் என்னைப் போலவே வகைக்கு ஒன்று சேர்க்கிறார். பையன் என்றால் தலையில் நரை வந்த பையன். மாதாமாதம் சம்பளம் வந்த கையோடு வருவார். முடிக்காமல் தள்ளிப்போட்ட வேலைகளை அவர் ஆபீஸில் பேக்லாக் என்பார்களாம். அவருக்கும் சவரன் குழிதான் பாக்கி. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி ஆறுதல் சொல்லிக்கொள்வோம்.

ஒரு தடவை ஏலத்துக்கு ஒன்று வந்தது. லேப்டாப்பைத் திறந்து, பிஎஃப், வீட்டு லோன், குழந்தையின் பீஸ் எல்லாம் போட்டு மணிக்கணக்காக என்னென்னவோ பார்த்தார். நானும் என் வளையல்களை ஒரு பார்வை பார்த்தேன். ஏலம் தொடங்கின விலையே எங்கள் இரண்டு பேர் கணக்கையும் சேர்த்ததற்கு மேலே இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, முகத்தில் ஒரு வருத்தமும் காட்டாமல் சொன்னார்: "இது பேக்லாக்ல கிடக்கட்டே சேச்சி, எனக்கு ஜோலியில அது பழக்கம்தானே."

காசுமாலை

போன வருஷம், கோட்டைக்குள்ளே அக்ரகாரத்திலிருந்து ராஜம் மாமி வந்தார். பழைய பாத்திரத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாமி கைப்பையிலிருந்து ஒரு காசுமாலையை எடுத்தார். பெண் நித்யாவுக்குக் கல்யாணம். மாலையை அழித்து வளையல் பண்ண நகைப் பத்தரிடம் கொண்டுபோனாராம். எல்லாக் காசிலும் வெள்ளைக்கார ராணி தலை இருக்க, ஒன்றில் மட்டும் வேறு என்னமோ இருக்கிறதே, தங்கம்தானா என்று பத்தர் சந்தேகப்பட்டு, என்னிடம் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

பார்த்தேன். சங்கு. திருப்பினேன். ராஜா. எடை போட்டேன், விளிம்பைப் பார்த்தேன், லென்ஸை வைத்து எழுத்தைப் பார்த்தேன். அசல். மாலையில் கோர்க்க ராஜா தலைக்கு மேலே யாரோ வளையம் பற்றவைத்திருந்தார்கள். அதனால் ஏலத்தில் பாதி விலைதான் போகும். அந்தப் பாதியும் எனக்கு எட்டாது. எட்டுகிற வழி ஒன்றுதான் இருந்தது. தங்கம்தான் மாமி, எடைக்கு நானே எடுத்துக்கறேன் என்று சொல்ல வேண்டியது. மாமி சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மேஜை மேல் மரத்தட்டு திறந்தே கிடந்தது. என் கண் காலிக் குழிக்குப் போய்ப் போய் வந்தது. ஆசைதான், வேறென்ன.

"மாமி, இதை அழிச்சிராதீங்க" என்று ஆரம்பித்து, என்ன காசு, என்ன விலை போகும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. மாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அப்போ நீங்களே எடுத்துக்கோங்களேன்" என்றார். என்னால் முடியாது மாமி, பாதி விலைக்குக்கூட வழியில்லை என்றேன். மாமி தட்டிலிருந்த காலிக் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காசை மாலையிலிருந்து கழற்றித் தலைப்பில் முடிந்துகொண்டார். "இவ்வளவு ஆசைப்படற உங்களுக்கே கிடைக்கலேன்னா, வேற எவனுக்கோ நான் எதுக்குக் கொடுக்கணும்? எங்காத்துலேயே இருந்துட்டுப் போறது!"

கழுத்தைப் பார்த்த கதை

கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற காசெல்லாம் வளையலாகி நித்யாவின் கையில் இருந்தது. சவரன் மட்டும் மெல்லிய செயினில் கழுத்தில். முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். முகூர்த்தம் நடந்தது, கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை போட்டார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: காசு திரும்பிக் கிடக்கிறது. சங்கு வெளியே, ராஜா உள்ளே. இது எனக்குப் பொறுக்குமா, சொல்லுங்கள்.

பரிசு கொடுக்க மேடை ஏறினேன். கவரைக் கொடுத்த கையோடு, செயினைச் சரிசெய்கிற சாக்கில் காசைத் திருப்பி ராஜாவை வெளியே கொண்டுவந்தேன். போட்டோகிராபர் காத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள், எவ்வளவு பிரியம் பாருங்கோ என்று பக்கத்தில் சொல்வது காதில் விழுந்தது. பிரியம்தான். நித்யா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதில் சொன்னாள்: "எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தா ஆன்ட்டி, நீங்க ஒருத்தர்தான் கழுத்தையே பார்த்துண்டிருந்தேள்!"

அடுத்த வாரம் அவளிடமிருந்து வாட்ஸாப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் ராஜா, ஒன்றில் சங்கு, எழுத்தெல்லாம் துல்லியமாக. தாடைக்கு மேலே ஒன்றும் இல்லை. கீழே எழுதியிருந்தாள்: "மூஞ்சியை வெட்டிட்டேன் ஆன்ட்டி, உங்களுக்கு வேண்டியது மட்டும் இருக்கு."

இரண்டு படத்தையும் காசு அளவுக்குப் பிரிண்ட் எடுத்து, வட்டமாக வெட்டி, முதுகோடு முதுகு ஒட்டிச் சவரன் குழியில் வைத்தாயிற்று; ஆகவே என் திருவிதாங்கூர் செட் இப்போது முழு செட், ஃபேன் போடாத வரைக்கும்.