பௌர்ணமிக்கு எந்த ரோட்டில் பஸ்

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். திங்கட்கிழமை நான் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தேன். அப்பா நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆள் விட்டிருந்தார். கொல்லையிலிருந்து வந்தவர் என் பெட்டியைப் பார்த்தார்.

"வந்துட்டல்ல, உள்ள போய் சாப்புடு" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஊரில் கேட்டார்கள். முதல் வாரம் "லீவா?" என்றவர்கள் மூன்றாவது வாரத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அதனால் வேங்கிக்காலைத் தாண்டி இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும், என்ன சம்பளம் என்றுகூடக் கேட்காமல் சேர்ந்துவிட்டேன்.

லேபில் பத்து மெஷின்கள். எல்லாம் ஒன்றோடொன்று கேபிளால் இணைத்தவை. இன்டர்நெட் கிடையாது. லேபைத் திறந்து பூட்டி, மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைக்க ஓர் அக்கா இருந்தார். அதற்கு முன் டவுனில் ஒரு அச்சகத்தில் பத்து வருஷம் பிழை திருத்தியவர். கம்ப்யூட்டரைத் துடைப்பாரே தவிர ஒரு பட்டனைக்கூட அழுத்த மாட்டார்.

பாடத்தில் வெப் சர்வர் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. மற்ற மெஷின்கள் கேட்கும் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் புரோகிராம் அது. துறைத் தலைவர் அதைக் கரும்பலகையிலேயே நடத்தி முடித்துவிடுவார். "இன்டர்நெட்டே இல்ல, சர்வர் எதுக்கு?" என்பார். நான்கு சுவர்களுக்குள்ளேயும் ஒரு சர்வர் ஓடும் என்று அவரிடம் பலமுறை சொன்னேன். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினைக் காட்டி, "அதுல என்ன வேணா பண்ணுங்க. மத்தது எதையும் தொடாதீங்க" என்றார்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த இரண்டு சிடிகளில் முதலாவதிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக, அதில் லினக்ஸ் ஏற்றினேன். வெப் சர்வரும் அதிலேயே வந்தது. பக்கத்து மெஷினில் முகவரியைத் தட்டியதும் நான் எழுதிய ஒரு வரி திரையில் வந்தது. ஆனால் யார் பார்த்தாலும் அதே வரிதான். கேட்பவருக்குத் தகுந்தபடி பக்கம் மாற வேண்டுமானால் பிஎச்பி என்ற இன்னொரு புரோகிராம் வேண்டும். அது இருந்த இரண்டாவது சிடியில் கீறல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கினேன். ஒரு ஃபிளாப்பியில் அடங்காமல் மூன்றாகப் பிரித்து எடுத்துவந்தால், மூன்றாவது ஃபிளாப்பி திறக்கவில்லை. மறுநாள் போய் மறுபடி எடுத்துவந்தேன்.

எல்லாம் ஏற்றி முடித்து, பெயரைத் தட்டினால் வணக்கம் சொல்லும் ஒரு சின்னப் பக்கம் எழுதினேன். திறந்தால் வணக்கம் வரவில்லை. நான் எழுதிய கட்டளைகள் அப்படியே வரிவரியாகத் திரையில் நின்றன. ஒரு வாரம் முட்டி மோதினேன். சென்னையாக இருந்தால் பக்கத்து சீட்டில் யாரையாவது கேட்டிருப்பேன். இங்கே யாரைக் கேட்பது? கம்பெனி மூடியதற்கு நான்தான் காரணம் என்பதுபோல ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் ஃபைலை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால், அக்கா அதன்மேல் ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பேப்பரைப் பாத்தா கை சும்மா இருக்காது" என்றார்.

"பரவால்லக்கா. புரியுதா?"

"ஒண்ணும் புரியல. ஆனா சில வரிக்கு முன்னாடி ஒரு கட்டம் போட்டிருக்குது. கட்டம் போட்ட வரியெல்லாம் பேச்சு மாதிரி இருக்குது. போடாத வரி உத்தரவு மாதிரி இருக்குது. இது ஒண்ணுதான் உத்தரவு மாதிரி இருந்தும் கட்டம் போட்டிருக்குது."

அவர் விரல் வைத்த வரியில் பிஎச்பி என்ற பெயர் இருந்தது. முன்னால் அந்தக் கட்டம், # குறி. அந்தக் குறி இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை. குறியை எடுத்துவிட்டு சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். "நீங்களே உங்க பேர தட்டுங்கக்கா" என்றேன். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். வணக்கம் என்று அவர் பெயரோடு வந்தது. அதை அழித்துவிட்டு, இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

அந்த மாதப் பௌர்ணமி முடிந்த மறுநாள், இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி கால் வீங்கி வந்தாள். தண்டராம்பட்டுப் பக்கத்துப் பெண். பௌர்ணமி அன்று மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே ஒவ்வொரு ரோட்டிலும் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுவார்கள். எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் மூன்று ரோடு நடந்திருக்கிறாள். "வீட்ல இனிமே காலேஜே வேணாம்னு சொல்றாங்க மேடம்" என்றாள். பாதிப் பெண்கள் பௌர்ணமிக்கு லீவு போடுவது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஊர் பேர தட்டினா ரோடு பேர் வர மாதிரி செய்ய முடியுமா?" என்று அக்கா கேட்டார்.

இரண்டு நாளில் செய்துவிட்டேன். தமிழ் எழுத்து ஒழுங்காக வராததால் ஆங்கில எழுத்தில்தான். அடுத்த பௌர்ணமிக்குப் பேப்பரில் வந்த பஸ் அறிவிப்பைப் பார்த்து ஊர், ரோடு என்று பட்டியல் தயாரித்தது அக்கா. அவருடைய தம்பி ஆட்டோ ஓட்டுகிறவர். அவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "இதுக்கு ஒரு நோட்டீஸ் போர்டு போதாதா?" என்றார்.

அடுத்த பௌர்ணமி மதியம், வகுப்பு வகுப்பாகப் பெண்கள் லேபுக்கு வந்து தட்டிப் பார்த்தார்கள். இரண்டரை மணிக்கு ஆபீஸ் போனுக்கு அக்காவின் தம்பி கூப்பிட்டார். தண்டராம்பட்டு பஸ்களைக் கூட்டம் ஜாஸ்தி என்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா ஓடிவந்து பட்டியலில் ஒரே ஒரு வரியைத் தன் கையாலேயே மாற்றினார். அடுத்த நொடி தட்டியவளுக்குப் புது இடம் வந்தது. பத்து மெஷினிலும் அப்படியே. ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போன நான்கு பேரை கேட்டிலேயே பிடித்துச் சொல்லிவிட்டோம். கால் வீங்கிய பெண் அதில் ஒருத்தி. அன்றைக்கு அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தாள். அவள் படிப்பு நிற்கவில்லை.

துறைத் தலைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம், நல்ல மெஷின் ஒன்றைச் சர்வருக்கு ஒதுக்கிவிட்டு, "அந்த அத்தியாயத்த இனிமே நீங்களே நடத்துங்க" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து பெங்களூரில் ஒரு இன்டர்வியூ. என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சென்னை கம்பெனியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பஸ் பக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். வேலை கிடைத்தது.

நான் கிளம்பும் முன் வந்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அக்கா என்னை அழைத்துப் போய்த் திரையைக் காட்டினார். இரண்டு வருஷமாக நான் நடத்தியதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் அவரே ஒரு பக்கம் எழுதியிருந்தார். முந்தைய நாள் பஸ் ஏறிய பெண்கள் வந்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைத் தட்டிவிட்டுப் போகும் பக்கம்.

"ஒரு இடத்துல புள்ளி விட்டுப்போச்சு, பக்கமே வரல. நானே கண்டுபுடிச்சுட்டேன்" என்றார்.

முதல் மணி அடித்தது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஆறேகால், ஏழு, ஆறு ஐம்பது என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நேரம் விழுந்துகொண்டே வந்தது.