இரண்டு கையுறை அக்கா

என் அண்ணி தன் நிழலைக்கூட ரசீது வாங்கிக்கொண்டுதான் நம்புவாள். அண்ணன் இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். அவள் செய்கிற வியாபாரத்தில் அப்படி இருக்காவிட்டால் ஒரே மாதத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருமுறை கைமாறிய, ஆனால் விலை குறையாத கைப்பைகள், கைக்கடிகாரங்கள் இவற்றை இணையத்தில் வாங்கி விற்கிறாள். கடை கிடையாது. எங்கள் வீட்டின் பின்னறைதான் எல்லாம். ஒரு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, சுவரில் ஒரு கடிகாரம், ஜன்னல். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு கூரியர் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. அண்ணியின் பார்சல்கள் எல்லாம் என் தராசில் ஏறித்தான் போகும். அனுப்புநர் முகவரியும் எங்கள் கவுண்டர்தான். வீட்டு முகவரி கண்டவனுக்கும் தெரியக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.

சட்டங்கள் அவளிடம் நிறைய உண்டு. பேச்சு எல்லாம் விற்பனைத் தளத்துக்குள்ளேயே. வெளியே போனில் பேசுவது இல்லை, பணமும் வெளியே கைமாறுவது இல்லை. பொருளைக் கட்டுவதையும் வந்ததைப் பிரிப்பதையும் ஒரே மூச்சில், எங்கும் வெட்டாமல், வீடியோ எடுத்து வைப்பாள். பையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டி, தையலை எண்ணி, சீரியல் நம்பரை வாசித்து, கடைசியில் "பொருள் இது, பார்த்தது நான்" என்று முடிப்பாள். ஒரு ஆள் கடிகாரம் வாங்கிவிட்டு, "பெட்டிக்குள்ள துணி சோப்புதான் இருந்துச்சு" என்று புகார் கொடுத்தான். அண்ணி வீடியோவையும் என் எடைச் சீட்டையும் அனுப்பிவைத்தாள். கடிகாரத்தோடு எடை எவ்வளவு, சோப்போடு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். அதற்கப்புறம் அவனிடமிருந்து மூச்சே இல்லை.

வீடியோவில் அவள் முகம் வராது. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகளும் குரலும் மட்டும். அதனால் வாங்குகிறவர்கள் அவளுக்கு 'கையுறை அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொருளில் ரேகை படக்கூடாது என்பதற்காக என்று அவர்களிடம் சொல்வாள். உண்மை அது இல்லை. முப்பத்திரண்டு வயதில் அவள் கைகளில் வெள்ளைத் திட்டுகள் வர ஆரம்பித்தன. அப்போது ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தாள். "வெளியாளுங்க வர்றப்ப நீ சாம்பிளைத் தொடாதம்மா" என்று மேற்பார்வையாளன் ஒருத்தன் எல்லோர் முன்னாலும் சொன்னான். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அவன் மட்டும் என் கையில் அகப்பட்டிருந்தால் நடந்ததே வேறு. வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர அந்தக் கைகளை யாரும் பார்த்ததில்லை. கையுறைக்கு மேலே சட்டைக் கையையும் இழுத்து விட்டுக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கவுண்டரில் ஆளே இல்லாத நேரம், ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போடு, கையில் ஒரு பெட்டி.

"இங்க கையுறை அக்கான்னு ஒருத்தங்க..."

"எங்க அண்ணிதான். என்ன விஷயம்?"

பெட்டியைப் பட்டென்று வைத்தாள். அதன்மேல் அனுப்புநர் முகவரியாக எங்கள் கவுண்டரைத்தான் போட்டிருந்தது. உள்ளே ஒரு கைப்பை. திறந்ததுமே பசை நாற்றம் அடித்தது. தோல் பை அப்படி நாறாது என்று அண்ணியோடு இருந்து இருந்து எனக்கே தெரியும்.

"இது எங்களோடது இல்லைங்க."

"அப்படித்தான் சொல்வீங்க. சைட்ல கட்டினா கமிஷன் போகுது, நேரா அனுப்புங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. வீடியோகூட அனுப்பினாங்க."

அண்ணி தலைகீழாக நின்றாலும் அப்படிச் சொல்ல மாட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. "எங்க, காட்டுங்க அந்த வீடியோவை" என்றேன்.

காட்டினாள். பச்சைத் துணி. சுவர்க் கடிகாரம். ஜன்னல் வெளிச்சம் மேசையில் விழுகிற அதே சாய்வு. வெள்ளைக் கையுறைக் கைகள் ஒரு பையை நாலு பக்கமும் திருப்பின. அண்ணியின் குரல் தையலை எண்ணியது. "பொருள் இது, பார்த்தது நான்." முடிந்தது என்று நினைத்தபோது, அறைக்கு வெளியே இருந்து இன்னொரு குரல் கேட்டது.

"அண்ணி, வாசல்ல யாரோ நிக்கிறாங்க."

அது என் குரல்.

நான் அப்படிச் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் அழைப்பு மணி இருக்கிறது, அண்ணியே போய்ப் பார்ப்பாள். ஆனால் என் குரல்தான். 'அண்ணி'யில் நான் கொடுக்கிற இழுப்புகூட இருந்தது. நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே நல்ல வெயில், பஸ் போகிற சத்தம், எதிரே ஜெராக்ஸ் கடை. இவ்வளவுக்கும் நடுவில் என் குரலை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன்.

அண்ணி அந்த வீடியோவை நாலு முறை பார்த்தாள்.

"கையை நானும் என் கைன்னுதான் நினைச்சேன். பையைப் பாத்தப்புறம்தான் இல்லைன்னு தெரிஞ்சுது" என்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும், எது என்று சொல்லாமல் இரண்டு வீடியோக்களைப் போட்டுக் காட்டினாள். ஒன்று அவளுடையது, மற்றது அது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன். நிதானமாகப் பார்த்துவிட்டு இரண்டாவதைக் காட்டினான்.

"இதுதான் நீ. முதல்ல இருக்கறவ என்னமோ எரிஞ்சு விழறா. இது சாந்தமா, உன்னை மாதிரியே பேசுது."

முதலில் இருந்ததுதான் அண்ணி. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "உங்களுக்குக் கண்ணு பின்னாடியா இருக்கு அண்ணா?" என்று நான் கத்தினேன். அவன் திருதிருவென்று விழித்தான்.

அதற்குள் ஒன்பது புகார் சேர்ந்துவிட்டது. தளத்தின் புகார்ப் பிரிவு அண்ணியின் கணக்கை முடக்கிவிட்டு ஏழு நாள் அவகாசம் கொடுத்தது. அந்தக் கணக்கு போனால் பதினொரு வருஷமாக அவள் சேர்த்த பெயர் போச்சு. வேறு பெயரில் தொடங்கலாம்தான். ஆனால் அவளை நம்பி யார் வருவார்கள்?

அதிகாரி ஒருத்தர் போனில் பேசினார். மரியாதையான ஆள்தான்.

"மேடம், பழைய வீடியோக்களை கம்ப்யூட்டர்ல போட்டு இந்த மாதிரி செய்றாங்க, எங்களுக்கும் தெரியுது. ஆனா ரெண்டையும் வச்சுப் பார்த்தா ஒரே ஆளுன்னுதான் வருது. அந்த இன்னொரு ஆள் நீங்க இல்லைன்னு நீங்கதான் காட்டணும்."

"அந்த ஒன்பது பார்சலும் எங்க கவுண்டர்ல புக் ஆகலை சார், சீட்டெல்லாம் இருக்கு" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"வேற கவுண்டர்ல போட்டிருக்கலாமே, மேடம்?"

நான் அல்ல என்று எப்படி நிரூபிப்பது? நான் என்றால் ஒரு அடையாள அட்டையை நீட்டிவிடலாம். அண்ணி மூன்று நாள் பின்னறையிலேயே உட்கார்ந்து அந்த இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டாள். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். கை மேலே எழும்பும்போது, கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மணிக்கட்டு தெரிந்தது. சுத்தமான மாநிறம்.

"என் மணிக்கட்டை நான் எதுலயும் காட்டினதில்ல. அதான் அதுக்குத் தெரியலை. உத்தேசமா போட்டிருக்கு" என்றாள்.

அவள் 'அது' என்று சொன்னதைக் கவனித்தேன். நல்ல ஆதாரம்தான். ஆனால் அதைக் காட்ட வேண்டுமென்றால் கையைக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் அந்த அதிகாரி முன்னால் அவள் கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் மாதிரி வெள்ளை. விரல்களில் பாதி வெள்ளை, பாதி மாநிறம். "கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க மேடம்" என்றார் அவர். காட்டினாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கணக்கு திரும்பி வந்தது. நர்ஸும் நேரில் வந்து கையைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் பணத்தைத் தளத்துக்கு வெளியே கட்டியதால் தளம் கையை விரித்துவிட்டது, பாவம். அண்ணி அதற்கப்புறம் கையுறையே போடவில்லை. "இனிமே இதுதான் என் கை, இதைப் பாத்து வாங்குங்க" என்று வெறுங்கையோடு ஒரு வீடியோ போட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்னைவிட அதிகமாகத்தான் வாங்கினார்கள். அண்ணன்கூட, "இவ்வளவு நாள் எதுக்குடி மறைச்சு வச்ச?" என்று கேட்டான். அவள் சிரித்தாள்.

மூன்று வாரம் நிம்மதி. பிறகு ஒரு மத்தியானம், பார்சல் வாங்க வந்த ஒரு பெண் கவுண்டரில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்கமான குரல் காதில் விழுந்தது. "அது என்னங்க, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். பச்சைத் துணியின்மேல் இரண்டு வெறுங்கைகள் ஒரு கடிகாரத்தைத் திருப்பின. எங்கள் வீட்டுக்கு வந்தே இராத கடிகாரம். மணிக்கட்டைச் சுற்றி வளையல் மாதிரி வெள்ளை. விரல்களில் பாதி வெள்ளை, பாதி மாநிறம்.

அந்த வீடியோவை என் போனுக்கு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் காட்டினேன். அண்ணி பதறவில்லை. போனை மேசையில் சாய்த்து வைத்து, தன் இரண்டு கைகளையும் பக்கத்தில் விரித்து, திட்டுத் திட்டாக ஒப்பிட்டாள். அரை மணி நேரம் ஆனது. திடீரென்று, "மாட்டிக்கிட்டா!" என்று கத்தினாள்.

இடது கைச் சுண்டுவிரலில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, அந்த இன்னொருத்திக்கு ஒரு வெள்ளைப் புள்ளி அதிகமாக இருந்தது. கடுகளவு. அண்ணிக்கு அந்த ஒரு விரல் மட்டும் முழுக்க மாநிறம்.

"அதிகப்பிரசங்கித்தனமா ஒண்ணைக் கூடச் சேத்துடுச்சு" என்றாள். எவ்வளவு நாளைக்கப்புறம் அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில்! அறிவிப்பை அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். 'இடது கைச் சுண்டுவிரலில் வெள்ளைப் புள்ளி இருப்பவள் நான் அல்ல. அவளிடம் எதுவும் வாங்காதீர்கள்.' வாங்குகிற எல்லோருக்கும் போனது. புகார்ப் பிரிவும் தங்கள் குறிப்பில் ஏற்றிக்கொண்டது. இனி எந்தப் புகார் வந்தாலும் முதலில் சுண்டுவிரலைப் பார்ப்போம் என்றார் அந்த அதிகாரி.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து அண்ணி கூப்பிட்டாள். குழாய் திறந்தே இருந்தது. இடது கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது மாவுதானே? நீ பாரு. மாவுதானே?"

தேய்த்துப் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கடுகளவு, நகத்துக்குக் கொஞ்சம் கீழே, அதே இடம்.

"இது பரவறதுதானே அண்ணி, டாக்டரே சொன்னாரே" என்றேன். எனக்கே அது சப்பென்று இருந்தது. பரவும், சரி. எங்கே பரவும் என்று அந்த இன்னொருத்திக்கு ஆறு வாரம் முன்னாலேயே யார் சொன்னது?

அன்றைக்கென்று பதினொரு மணிக்குப் புகார்ப் பிரிவிலிருந்து அழைப்பு. கடிகாரம் வாங்கிய ஒருத்தர் ஏமாந்திருக்கிறார், இன்னொருத்தியிடம்தான். வழக்கமான சோதனை என்றார் அதிகாரி. நான் லீவு சொல்லிவிட்டு அண்ணியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், காயம் என்று சொல்லிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நான் பொய் சொல்லி வியாபாரம் பண்ணதில்ல" என்றுவிட்டாள்.

"மேடம், இடது கைச் சுண்டுவிரலைக் காட்டுங்க."

காட்டினாள். திரையில் அந்த ஆள் முன்னால் குனிந்தார்.

"மேடம்... இதை நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"நான்தான் சார். இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. சத்தியமா இன்னைக்குத்தான்."

"பக்கத்துல வீட்டு ஆள் யாராவது இருக்காங்களா?"

அண்ணி போனை என் பக்கம் திருப்பினாள். "இவ என் நாத்தனார். பதினெட்டு வருஷமா என்னைத் தெரியும். இவளைக் கேளுங்க."

"சொல்லுங்கம்மா. இவங்க உங்க அண்ணிதானா?"

ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு என்ன வந்ததோ, பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தேன். சரிபார்க்கிற மாதிரி பார்த்தேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

அதிகாரி நம்பினாரா இல்லையா என்பதை அண்ணி கேட்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, அவள் எந்த விஷயத்துக்கும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை.