மூன்று இருக்கும் கார்பன்

இங்கே கோவையில் தள்ளுவண்டிக்காரரிடம் திராட்சை விலை கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடும். உத்தமபாளையத்தில் கல்லூரி படித்தபோது ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கரிம வேதியியலில் அரியர் வைத்திருந்தாள்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா தோட்ட வேலைக்கு வந்துருன்னு எங்கய்யா சொல்லிட்டாகடி” என்று சோற்றைப் பிசைந்தபடி அழுதாள். யாராவது அழுதால் எனக்குக் கோபம்தான் வரும். “அழுதா ஆல்கீன் வந்துருமா? நாளைக்குத் திராட்சை கொண்டா” என்றேன்.

அவள் அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். உதிர்ந்தவை டப்பா நிறைய வந்தன. கறுப்புப் பழம் கார்பன், பச்சைக் காய் ஹைட்ரஜன், சின்ன வெங்காயம் புரோமின். ஈர்க்குச்சியில் கோத்து மூலக்கூறு செய்தோம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் வந்து பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், வெங்காயம் கழன்றுவிடும், அங்கே இரண்டாவது ஈர்க்குச்சியைச் செருகினால் இரட்டைப் பிணைப்பு, அதுதான் ஆல்கீன். எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு. ஓரத்துக் கார்பனில் மூன்று ஹைட்ரஜன், நடுக் கார்பனில் இரண்டு. குறைவாக இருப்பதிலிருந்து எடு என்பது விதி. அவள் கை ஓரத்துக்கே போகும்.

“ரெண்டு வச்சிருக்கவன்கிட்டயாடி புடுங்குறது? அங்கன ஒருத்தன் மூணு வச்சிருக்கான்ல?”

“விதி அப்படித்தாண்டி.”

“கேடுகெட்ட விதி” என்று பிடுங்கிய ஹைட்ரஜனை வாயில் போட்டுக்கொள்வாள். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொள்ளும். அந்த மத்தியான நேரங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

தேர்வன்று வாசலில் காத்திருந்து வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். நாங்கள் திராட்சையில் செய்த அதே மூலக்கூறு! “நடுவுலதான ரெட்டைப் பிணைப்பு போட்ட?”

“இல்ல. ஓரத்துல.”

“பாவி, கடைசில ஒன் நியாயத்தையே எழுதிட்டு வந்துட்டியா?” என்று கத்தினேன்.

அவள் காரத்தின் பெயரில் விரலை வைத்தாள். நாங்கள் பழகிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இல்லை, டெர்ஷியரி பியூட்டாக்சைடு. “இவன் தடியன்டி. நடுவுல நெருக்கடிக்குள்ள நொழைய முடியாது. ஓரத்துல மூணு வச்சிருக்கவன்கிட்டதான் எடுப்பான்.”

சரிதான். அவசரத்தில் நான்தான் பார்க்கவில்லை. என் விடை தப்பானதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவள் தேறினாள். முடிவு வந்த அன்று சாயங்காலம் அவள் அய்யா எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூடையை இறக்கிவைத்தார். “எம் மக மேல படிக்கட்டும்த்தா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கூடை நிறையத் திராட்சை. எல்லாம் விலை கொடுத்து வாங்கிய கொத்துகள், உதிர்ந்தது ஒன்றுகூட இல்லை.