முன் பிரேக்கைச் சொல்லவில்லை

என் சைக்கிளோட ஹேண்டில்பாரைக் கழட்டிப் பொட்டியில வெச்சுப் பூட்டினவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரோட அண்ணன். கல்யாணமாகி நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் அது. குழாயடியில அத்தனை பேர் பார்க்க, "இந்த வீட்டுப் பொம்பளை சைக்கிள் ஏறினா நான் எந்த மூஞ்சியோட ஷிஃப்டுக்குப் போறது?"ன்னு கேட்டாரு. அண்ணன் எதிர்ல என் வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டாரு.

அந்த சைக்கிள் எங்கப்பா குடுத்தது. பூதிகோட்டை ரோட்டுல இருந்த ரிசர்வ் காட்டுக்கு அவர் வாட்சர். சீமைக்குத் திரும்பிப் போன துரை வீட்டம்மாகிட்ட அதை வாங்கி, காட்டுப் பாதையிலயே எனக்குக் கத்துக் குடுத்தாரு. எனக்கு அம்மா இல்லை. நெனைச்சப்ப வந்து பாரும்மான்னு சொல்லித்தான் சீரோட சேர்த்து அனுப்பினாரு.

மறுவருஷம் ஒரு காலையில, அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுன்னு ஆள் வந்து சொன்னான். மூத்தார் கால்ல விழுந்து ஹேண்டில்பாரைக் கேட்டேன். "பஸ்ல போம்மா"ன்னுட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கினு ஷிஃப்டுக்குப் போயிட்டாரு. மத்தியானம் வரைக்கும் பஸ் வரலை. நடந்தேன். சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தப்ப, மழை வருதுன்னு அவசரமா அடக்கம் பண்ணிட்டுத் திரும்பிக்கினு இருந்தாங்க. சைக்கிள்னா ரெண்டு மணி நேரம்தான் ஆகும். அந்த மண்ணு மேல உக்காந்து, இந்த ஆளைச் சும்மா விடக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

ரெண்டு வருஷம் வாயை மூடிக்கினு அவருக்குச் சோறு போட்டேன். ரசத்துல கூட உப்பு கம்மி பண்ணலை.

அப்புறம் அவரே வந்தாரு. அண்டர்கிரவுண்ட் தூசி அவர் நெஞ்சைக் கெடுத்துடுச்சு. இருமல் நிக்கலை. கீழ இறங்காம தரை மேலயே செய்யற வேலை ஒண்ணு காலியாச்சு, ஷாஃப்டுன்ற சுரங்க வாய் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குச் சீட்டு கொண்டு போற வேலை. அதுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியணும். ஒரு மாசத்துல ஓட்டிக் காட்டணும். ஆனா அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே சைக்கிள் வராது. வெளியில யாரையும் கேக்க வெக்கம். அந்த வீட்டுல ஓட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஹேண்டில்பாரைத் துடைச்சு எடுத்தாந்து என் கையில குடுத்து, "லைன்ல வேணாம்மா, பசங்க கை தட்டுவாங்க. உங்கப்பா காட்டுக்குப் போலாம்"னாரு. எங்கப்பா காடாம்!

அவருக்கு லீவு இருந்த நாள்ல, விடிஞ்சதும் சைக்கிளைத் தள்ளிக்கினு, அந்தக் காட்டோட எங்க லைன் பக்கத்து ஓரத்துக்கு நடந்து போவோம். ஓரகத்தியும் கூட வரும், அதாவது அவர் சம்சாரம். அது பாட்டுக்கு சுள்ளி பொறுக்கும். எங்கப்பா சொன்ன மாதிரியே நானும் சொல்லிக் குடுத்தேன். "கல்லைப் பார்க்காதீங்க மாமா, பார்த்தா வண்டி அங்கதான் போவும். பத்தடி தள்ளிப் பாருங்க. வேர் வந்தா சீட்டை விட்டு எழுந்து நில்லுங்க. மணல்ல மிதிக்கிறதை நிறுத்தாதீங்க." தினம் கேஜுன்ற இரும்புக் கூண்டுல ஏறி ஆயிரக்கணக்கான அடி கீழ இறங்கற மனுஷன், மாடு போற சரிவைப் பார்த்து நடுங்கினாரு. நான் பார்த்து ரசிச்சேன். வேணும்னே காரை முள் இருக்கற பாதையில கூட்டிக்கினு போனேன். மூணாவது தடவை சமதரையில நல்லாவே ஓட்டினாரு.

நாலாவது தடவை, பாறையிலிருந்து ஓடைக்கு இறங்கற சரிவுல விட்டேன். சரளைக்கல் சரிவு. அங்க முன் பிரேக்கைப் பிடிச்சா ஆளைத் தூக்கி அடிக்கும். எங்கப்பா எனக்கு முதல்ல சொன்னதே அதுதான். நான் அவருக்குச் சொல்லலை. மறந்துட்டேன்னு வீட்டுல எல்லாருக்கும் சொன்னேன். மறக்கலை.

பாதி சரிவுல பயந்து பிடிச்சாரு. ஹேண்டில் மேல பறந்து போய் விழுந்தாரு. கணுக்கால் புஸ்ஸுன்னு வீங்கிடுச்சு, ஊன முடியலை. ஓரகத்தி அழுதுக்கினே, "நீ இவரை உக்கார வெச்சுக் கூட்டிக்கினு போ, நான் நடந்து வரேன்"னுச்சு.

கேரியர்ல உக்கார வெச்சு மிதிச்சேன். ஊர் எல்லைக்கு வந்தப்ப ரெண்டு மணி சங்கு ஊதிச்சு. தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சயனைட் மண்மேட்டுப் பக்கமாப் போனா ஒரு ஈ காக்கா பார்க்காது. "அந்தப் பக்கம் போம்மா"ன்னாரு. நான் ஷாஃப்ட் கேட்டுப் பக்கம் திருப்பினேன். ஒரு ஷிஃப்ட் வெளிய வருது, ஒரு ஷிஃப்ட் உள்ள போவுது. அவரோட வேலை செஞ்சவங்க மொத்தப் பேரும் அங்க நிக்கறாங்க. "இன்னாண்ணே, டிக்கெட் எடுத்தியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். கூட்டம் சிரிச்சு உருண்டுச்சு. நான் பெல் அடிச்சுக்கினே மெதுவாப் போனேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை.

கூட்டத்தைத் தாண்டினதும், முதுகுக்குப் பின்னால இருந்து சின்னக் குரல்ல, "உங்கப்பா விஷயத்துல நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்கோம்மா"ன்னாரு. நல்லாக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி மிதிச்சேன்.

கால் கூடறதுக்குள்ள அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு. அவர் மறுபடியும் அண்டர்கிரவுண்டே போனாரு, இன்னும் ஆறு வருஷம். சைக்கிள்ல நான் எங்க போனாலும் அவர் ஒண்ணும் சொல்லலை. கடைசியில படுத்த படுக்கையா ஆனப்ப கஞ்சி குடுத்தவ நான்தான். ஒவ்வொரு வேளையும் டம்ளரை வாங்கிக்கினு என் மூஞ்சியையே பார்ப்பாரு. எதுக்குப் பார்க்கறாருன்னு எனக்குத் தெரியும். "சூடா இருக்கு, ஊதிக் குடிங்க மாமா"ன்னு மட்டும் சொல்லுவேன்.